வசதியான வேறொரு வேளை

சென்ற கார்த்திகை மாதத்தில், மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைப்பதற்கென்று வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டிவிடுவது என்ற சங்கல்பத்தோடு, மதர்போர்டு எது, ட்யூனர் எது, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று நான் காகிதத்தில் எழுதியும் அடித்தும் திருத்தியும் கொண்டிருந்தபோது, எதிரே அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த என் மாமா, கோப்பையை மெல்லக் கீழே வைத்துவிட்டு, "ஏம்ப்பா, இத்தனையும் பிடிச்சு வெச்சு, இதையெல்லாம் எப்போ பார்க்கப்போறே?" என்று கேட்டார்.

அவர் கேலியாகக் கேட்கவில்லை. எண்பத்தொரு வயதான அவர் இந்தப் பர்மிங்ஹாம் நகரத்துக்கு இளைஞராக வந்து, சுற்றுவட்டாரத்து வார்ப்படச் சாலைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலையருகே நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சியை அவர் பார்க்கும் முறையே தனி. ஏழு மணிக்கு ஒரு நிகழ்ச்சி என்றால் ஆறே முக்காலுக்கே கைகால் கழுவி, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தமக்குரிய நாற்காலியில் வந்து அமர்ந்துவிடுவார். முடிந்ததும் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். தவறிப்போன நிகழ்ச்சிக்காக அவர் வருந்தி நான் பார்த்ததில்லை. டிவிடேலில் இருக்கும் பாலாஜி கோயிலுக்கு அவரைக் காரில் அழைத்துச் செல்லும் நாட்களில், சாலை நெரிசலால் தாமதமாகித் தீபாராதனை தவறிவிட்டால், "சரி, இன்னிக்கு நமக்குக் கொடுத்துவெச்சது அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, சாத்தியிருக்கும் திரைக்கு முன்னால் அரை மணி நேரம் சாந்தமாக உட்கார்ந்திருந்து திரும்பும் சுபாவம் அவருக்கு.

"நேரம் கிடைக்கும்போது பார்ப்பேன் மாமா" என்றேன். "நேரம் கிடைக்கும்போதா?" என்று அந்தச் சொற்களை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு, அவர் மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டார். விவாதம் அவ்வளவில் நின்றது. ஆனால் அன்றிரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காண்டல் என்னும் அனுபவத்தை நாளைக்கென்று ஒத்திவைக்க முடியுமா, ஒத்திவைத்த பிறகு நமக்குக் கிடைப்பது அதே அனுபவந்தானா, தானியத்தைச் சேமிப்பது போலக் காலத்தையும் ஒரு பெட்டிக்குள் சேமித்துவிடலாம் என்று எண்ணுவது அறிவுக்கு ஒத்ததா என்று, அதுவரையில் யந்திரத்தைப் பற்றி மட்டுமே இருந்த என் ஆலோசனை வேறு திக்கில் திரும்பிவிட்டது.

இதே பிரச்னை சட்டத்தின் வாசலிலும் வந்து நின்றதுண்டு. பிரிட்டனின் 1988-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில், ஒளிபரப்பாகும் நிகழ்ச்சியை வீட்டில் சொந்த உபயோகத்துக்காகப் பதிவு செய்துகொள்ள இடங்கொடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. வசதியான வேறொரு வேளையில் பார்ப்பது ஒன்றே அந்தப் பதிவின் நோக்கமாக இருக்க வேண்டும் என்பது அதன் தாத்பரியம். அமெரிக்காவில் 1984 ஜனவரியில், ஸோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் கருவியைப் பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து நின்று, நிகழ்ச்சியின் வேளையை மாற்றி வைத்துக்கொள்வது குற்றமாகாது என்று முடிவு கண்டதும் ஏறக்குறைய இதே நியாயத்தைப் பற்றிக்கொண்டுதான். அந்த வசதியான வேளை எது, எத்தனை நாளைக்குள் அது வந்தாக வேண்டும் என்று பிரிட்டனின் சட்டம் வரையறுக்கவில்லை. வேளையைச் சட்டம் திறந்தே விட்டுவிட்டது. அதை நிரப்பும் பொறுப்பு ஒவ்வொருவனுடைய ஆயுளுக்கும் வந்து சேருகிறது.

சாதனங்களைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்திற்கு வருகிறேன். எங்கள் வீட்டுக் கூரையின் ஏரியல் வடக்கே சட்டன் கோல்ட்ஃபீல்டில் நிற்கும் கம்பத்தை நோக்கியிருக்கிறது. 1949 டிசம்பர் 17-ஆம் நாள் லண்டனுக்கு வெளியே பி.பி.சி. திறந்த முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிலையம் அதுதான். பழைய அனலாக் முறை இங்கே 2011-இல் விடைபெற்ற பிறகு, காற்றில் வருவதெல்லாம் ஏற்கெனவே சுருக்கப்பட்டு, எண்களாக்கப்பட்டு, 188 பைட் நீளமுள்ள சிறு பொட்டலங்களாக வருகிறது. அனலாக் காலத்தில் படத்தை எண்களாக்கிச் சுருக்கும் கடுமையான வேலையை வீட்டு யந்திரமே செய்ய வேண்டியிருந்ததால், அதற்கென்று தனிச் சில்லு பொருத்திய கார்டோ பலமான பிராசஸரோ அவசியமாயிற்று. இப்போது அந்த வேலை நிலையத்திலேயே முடிந்துவிடுகிறது. வீட்டு யந்திரம் வருகிற பொட்டலங்களில் வேண்டியவற்றைப் பொறுக்கி டிஸ்க்கில் எழுதினால் போதும். அது மட்டுமன்று, ஒரே அலைவரிசையில் பல சானல்கள் சேர்ந்தே பயணம் செய்வதால், ஒரே ஒரு ட்யூனர் அந்த அலைவரிசையில் நின்றுகொண்டு, அதிலுள்ள சானல்கள் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் பதிவு செய்ய வல்லது. ஹெச்.டி. சானல்களைச் சுமந்து வரும் அலைவரிசை முழுவதையும் அப்படியே விழுங்கினாலும் வினாடிக்கு ஏறக்குறைய 40 மெகாபிட், அதாவது 5 மெகாபைட்தான்; இன்றைய சாதாரண டிஸ்க் ஒன்று வினாடிக்கு நூறு மெகாபைட்டுக்கு மேல் தாராளமாக எழுதும்.

இதையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட மனக்கிலேசத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். யந்திரத்துக்கு உண்மையில் தேவையானது மிகச் சொற்பம்: மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும் சிறிய பிராசஸர், நான்கு ஜிகாபைட் ராம், இரண்டு ட்யூனர், ஒரு டிஸ்க், சத்தமில்லாத பவர் சப்ளை. ஆனால் என் காகிதத்தில் இருந்த பட்டியலோ இதைப்போல் மும்மடங்கு. எட்டுக் கோர் பிராசஸர் எதற்காக எழுதினேன், நான்கு ட்யூனர் எதற்காக எழுதினேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் பின்னால் 'ஒருவேளை' என்ற ஒரே சொல்தான் நின்றது. ஒருவேளை ஒரே நேரத்தில் ஐந்து நிகழ்ச்சிகள் வந்தால். ஒருவேளை பிற்காலத்தில் தேவைப்பட்டால். வேதாந்த சாஸ்திரம் கற்க வருகிறவனுக்கு முதல் யோக்கியதையாக நித்திய அநித்திய வஸ்து விவேகத்தைச் சொல்லிவைத்த பெரியோர்கள், தத்துவங்களைப் பிரித்தறியும் ஆற்றலை மட்டும் மனத்தில் கொண்டு சொன்னார்களென்று நான் இப்போது நினைக்கவில்லை. கடைத்தெருவில் நின்று, இது தேவை, இது தேவையின் வேஷம் தரித்துக்கொண்ட ஆசை என்று பிரித்தறிய முடியாதவனுக்கு, ஆத்மாவையும் அனாத்மாவையும் பிரித்தறிவது எங்ஙனம் கைகூடும்?

பிராசஸரிலும் ட்யூனரிலும் அடித்தல் திருத்தல் எளிதாகவே முடிந்தது. டிஸ்க்கிடம் வந்தபோதுதான் நான் திகைத்து நின்றேன். ஏனெனில் மற்றச் சாதனங்களுக்குப் போதும் என்ற எல்லை அவற்றின் தொழிலிலேயே அடங்கியிருக்கிறது, டிஸ்க்குக்கு அப்படி எல்லை கிடையாது. ஹெச்.டி. நிகழ்ச்சி ஒரு மணிக்கு ஏறத்தாழ 3 ஜிகாபைட் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், நான் முதலில் எழுதியிருந்த 4 டெராபைட் டிஸ்க்கில் 1,300 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். நாள்தோறும் இரண்டு மணி வீதம், ஒரு நாளும் தவறாமல், புதிதாக எதையும் பதிவு செய்யாமல் உட்கார்ந்து பார்த்தாலும் அதைக் காலி செய்ய ஒரு வருஷமும் பத்து மாதமும் ஆகும். நானோ அலுவலகத்திலிருந்து வந்து, பிள்ளைகளின் பாடங்களைக் கவனித்து, வாரத்தில் நாலு மணி நேரம் ஒழிந்திருந்தால் அதையே பாக்கியமாகக் கருதுகிறவன். மாமா ஒரு வாக்கியத்தில் கேட்டதை எண்கள் எனக்கு விரித்துச் சொல்லின. அந்த டிஸ்க்கை நிரப்பினால், நான் ஆறு ஆண்டுகளுக்கு மேல் பார்த்துத் தீர்க்க வேண்டிய கடனை விலைகொடுத்து வாங்கியவனாவேன்.

இவ்விடத்தில்தான் பதஞ்சலி முனிவரின் யோக ஸூத்திரங்கள் எனக்குத் துணைக்கு வந்தன. சித்தத்தின் விருத்திகளை ஐந்தாக வகுத்து, அவற்றுள் ஒன்றாக ஸ்மிருதியை, அதாவது நினைவை வைக்கும் அவர், முன்பு அனுபவித்த விஷயம் சித்தத்தை விட்டு நழுவிப் போகாமல் நிற்பதுதான் நினைவு என்கிற கருத்தில் அதற்கு இலக்கணம் சொல்கிறார். இதில் உயிர்நிலை, அனுபவித்த என்ற அடைமொழி. அனுபவம் முந்தியது, நினைவு பிந்தியது. அனுபவம் இல்லாத இடத்தில் நழுவுவதற்கும் நிற்பதற்கும் எதுவுமே இல்லை. நாமோ வட்டத் தகட்டில் காந்தப் புள்ளிகளாக எழுதப்பட்டதை யந்திரத்தின் ஞாபகம் என்று வழக்கத்தில் சொல்லிவிட்டு, அந்தச் சொல்லின் மயக்கத்தில், பார்க்காத நிகழ்ச்சி ஒன்று டிஸ்க்கில் இருப்பதையே அதை நாம் ஒருவகையில் பெற்றுவிட்டதற்குச் சமானமாகக் கருதிவிடுகிறோம். பதிவு செய்யும் பொத்தானை அமுக்கிய கணத்தில் மனத்தில் உண்டாகும் நிம்மதியைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கடமை முடிந்த நிம்மதி அது. பார்க்க வேண்டும் என்ற வேட்கை அந்த நிம்மதியிலேயே பாதி தணிந்துவிடுகிறது. நிகழ்ச்சி டிஸ்க்கில் ஏறிவிட்டது, மனிதனிடம் ஏறவில்லை.

கோயிலில் தீபாராதனையின்போது கைகூப்பாமல் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்கும் கைகளை இன்று நாம் எங்கும் காண்கிறோம். கர்ப்பூர ஒளி ஸ்வாமியின் திருமுகத்தில் படரும் அந்தச் சில நொடிகளில், காண வந்தவர் சிறு திரையில் படம் சரியாக விழுகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருக்கிறார். தரிசனம் என்பது இரு பக்கமும் முகம் நோக்கும் செயல் என்று நம்புகிற மரபில் பிறந்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய இழப்பு! 1987 ஜனவரி முதல் இந்தியாவில் ஞாயிறுதோறும் காலையில் ராமானந்த் ஸாகரின் ராமாயணத் தொடர் ஒளிபரப்பானபோது, பல வீடுகளில் மக்கள் நீராடி, தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை சூட்டி, வேளை தவறாமல் அதன் முன் அமர்ந்தார்கள் என்பதைப் படித்திருக்கிறேன். அதைப் பாமர நம்பிக்கை என்று தள்ளுவோர் தள்ளட்டும். வேளைக்கு வந்து சேர்வதும் வழிபாட்டின் ஓர் அங்கம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. வேளை தவறினால் கிடைக்காது என்ற நிலையே அவர்கள் முழு மனத்தையும் அந்த நேரத்துக்குள் கொண்டுவந்து குவித்தது.

யோகத்தின் முதற்படியாகிய யமங்களில் கடைசியாக வைத்து எண்ணப்படுவது அபரிக்கிரகம், சேர்த்து வைத்துக்கொள்ளாமை. அதற்கு விளக்கம் எழுதிய வியாஸ பாஷ்யம், பொருள்களைச் சம்பாதிப்பதில் ஒரு துன்பம், சம்பாதித்ததைக் காப்பதில் ஒரு துன்பம், காத்தும் அது தேய்வதில் ஒரு துன்பம், அதன்மேல் படரும் பற்றினால் ஒரு துன்பம், அதன்பொருட்டுப் பிற உயிர்களுக்கு விளையும் ஹிம்ஸையால் ஒரு துன்பம் என்று தோஷங்களைக் கண்டு விலகுவதே அபரிக்கிரகம் என்கிறது. டிஸ்க்குகளின் குணதோஷங்களைப் பல இரவுகள் படித்த பிறகு இந்தப் பாஷ்யத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தபோது எனக்குண்டான வியப்பு கொஞ்சநஞ்சமன்று. ஒரு டிஸ்க் போதாது, அது இறந்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று பிரதியாக இன்னொன்று வைக்கச் சொல்கிறார்கள். அப்படி ஜோடியாக வைத்தாலும் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழிந்துவிடுமாகையால் வேறிடத்தில் மூன்றாம் பிரதி வைக்க வேண்டும். எவரும் தொடாமலே இருந்தாலும் எழுதிய எண்களில் ஒன்றிரண்டு காலப்போக்கில் தாமாகவே பிசகக்கூடுமாகையால், அவ்வப்போது அத்தனையையும் படித்து, முன்பு கணக்கிட்டு வைத்த அடையாள எண்ணோடு ஒத்துப்பார்க்கும் ஃபைல் ஸிஸ்டம் வேண்டும். இவ்வளவும் இரவு பகலாக விழித்திருந்தால், யந்திரம் இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் ஆண்டொன்றுக்கு எட்டே முக்கால் யூனிட் மின்சாரம். முப்பது வாட் என்றால் 263 யூனிட். எங்கோ எரியும் எரிவாயுவின் புகை அதில் கலந்திருக்கிறது. சம்பாதித்தல், காத்தல், தேய்தல், பற்று, ஹிம்ஸை என்ற ஐந்தும் ஒரு சிறு பெட்டிக்குள் வரிசை பிசகாமல் அமர்ந்திருந்தன.

அபரிக்கிரகத்தில் நிலைபெற்றவனுக்குப் பதஞ்சலி சொல்லும் பலன் இன்னும் ஆச்சரியமானது. செல்வமோ சக்தியோ அன்று. தன் பிறவிகள் எப்படிப்பட்டவை என்ற அறிவு அவனுக்கு உதிக்கும் என்கிறார். நான் யாராக இருந்தேன், எவ்வாறு இருந்தேன், இது என்ன, இனி என்னவாவேன் என்ற விசாரணையில் அவனுக்குத் தெளிவு பிறக்கிறதாம். சேர்த்து வைக்காதவனுக்கு, எல்லாவற்றையும்விட நெடுங்கால நினைவு பரிசாகக் கிடைக்கிறது! சேர்த்தால்தான் நினைவு நிற்கும் என்று நாம் நினைப்பதற்கு இது நேர்விரோதமாக இருக்கிறதே என்று வெகுநேரம் யோசித்தேன். எனக்குப் புலப்பட்ட அளவில் காரணம் இது: உடைமைகள் ஒவ்வொன்றும் நம் கவனத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தன்னிடம் அடகாக வைத்துக்கொள்கிறது, ஆயிரம் இடங்களில் அடகு வைக்கப்பட்ட கவனத்துக்குத் தன்னைத் திரும்பிப் பார்க்கும் வலிமை மிஞ்சுவதில்லை, அடகுகள் மீளும்போது, எப்போதும் அங்கேயே இருந்த நினைவு தெளிந்த நீரின் அடிமணல் போலத் தெரியத் தொடங்குகிறது. முற்பிறவியைப் பற்றிப் பேச எனக்கு அதிகாரமில்லை. ஆனால், ஊரில் ஒரே ஒரு பொதுத் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த காலத்தில், பஞ்சாயத்து அலுவலக வாசலில் மண்ணில் உட்கார்ந்து பார்த்த காட்சிகள், பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார்கள் என்பது உட்பட எனக்கு இன்றும் அப்படியே இருக்கின்றன. சென்ற மாதம் பார்த்தவை இல்லை.

இந்த நிலையில் டிஸ்க்கையே வேண்டாமென்று தள்ளிவிட்டு, மாமாவைப் போல் ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்துவிடலாமே என்று முடிவு கட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை. பலமான ஓர் ஆட்சேபம் குறுக்கே நிற்கிறது. அதை இலேசாகக் கடந்துபோவது நேர்மையாகாது.

1956 நவம்பர் 30-ஆம் நாள் அமெரிக்காவின் ஸி.பி.எஸ். நிறுவனம் ஆம்பெக்ஸ் கருவியில் பதிந்த செய்தியறிக்கையை முதன்முதலாக ஒளிபரப்பிய பிறகு, நாடாப் பதிவு உலகமெங்கும் பரவிற்று. இரண்டங்குல அகலமுள்ள அந்த நாடா விலை மிகுந்தது. ஆனால் அழித்து எழுதத் தக்கது. ஆகவே பி.பி.சி.யில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஒளிபரப்பு முடிந்த நிகழ்ச்சிகளைத் துடைத்துவிட்டு, அதே நாடாவில் புதியவற்றைப் பதிவது வழக்கமாயிற்று. 1963-இல் தொடங்கிய டாக்டர் ஹூ தொடரின் ஆரம்ப ஆண்டுப் பாகங்கள் பல அவ்வாறு மறைந்தன. 1969-இல் மனிதன் சந்திரனில் கால்வைத்த இரவில் பி.பி.சி. தன் ஸ்டூடியோவிலிருந்து நடத்திய ஒளிபரப்பும் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆனால் டாக்டர் ஹூவின் காணாமற்போன பாகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒலி மட்டும் இன்று இருக்கிறது. எப்படி? அந்த நாளில், வீடியோ கருவி சாதாரண வீடுகளுக்கு எட்டாத காலத்தில், நாடு முழுவதும் சில இளைஞர்கள் டேப்ரிக்கார்டரைத் தொலைக்காட்சிப் பெட்டியருகே வைத்து, வீட்டார் யாரும் பேசிவிடாதபடி கெஞ்சிக் கேட்டுக்கொண்டு, ஒலியைப் பிடித்து வைத்தார்கள். நிலையம் கைவிட்டதை வீடு காத்தது.

ஃபிலடெல்ஃபியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற அம்மையார் இருந்தார், நூலகராகப் பணிபுரிந்தவர். 1979-இல் ஈரானில் அமெரிக்கத் தூதரகத்தார் சிறைப்பட்ட செய்திகள் வந்துகொண்டிருந்த காலத்தில் இடைவிடாது பதிவு செய்யத் தொடங்கிய அவர், ஒரே சமயத்தில் எட்டுக் கருவிகள் வரையில் ஓடவிட்டு, கேஸட் முடியும் வேளையை அனுசரித்தே வீட்டின் அன்றாட வாழ்வை அமைத்துக்கொண்டு, 2012 டிசம்பரில் காலமாகும் வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் அதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ 70,000 கேஸட்டுகள். அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பொது நூலகம் ஏற்றுக்கொண்டது. அவர் ஒருவராகப் பார்த்து முடிக்க இன்னும் பல ஆயுட்காலம் வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருக்கும். எப்போது பார்க்கப்போகிறீர்கள் என்று அவரிடம் கேட்டால் அந்தக் கேள்வி பொருந்தாது. பார்க்கப்போகிறவர்கள் வேறு யாரோ. சேர்த்து வைத்தவர் அனுபவிக்க நினையாமல், பிறர்க்கு உரிய பொருளைத் தர்மகர்த்தாவைப் போலக் காத்து நின்றால், அதைப் பரிக்கிரகம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அதே சமயம், கேஸட்டுக்காக விருந்தை இடையில் விட்டு ஓடிவந்த அந்த வீட்டாருடைய ஆண்டுகளை நினைக்கும்போது, வியாஸர் சொன்ன ஹிம்ஸை என்ற சொல்லும் நினைவுக்கு வராமலில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே எனக்கு வழிகாட்டியது ஜைன சமயத்தின் ஒரு விரதம். துறவிக்கு முற்றத் துறத்தலை விதித்த அச்சமயம், இல்லறத்தானுக்கு ஐந்து அணுவிரதங்களை வகுத்தபோது, சேர்க்காதே என்று சொல்லாமல், இவ்வளவுக்குமேல் சேர்ப்பதில்லை என்று முன்கூட்டியே அளவு குறித்துக்கொள் என்றது; அதற்குப் பரிக்கிரக பரிமாணம் என்று பெயர். ஆசை வந்த பிறகு அதனோடு மல்லுக்கு நிற்பதைவிட, ஆசை வரும்முன் வரம்பு கட்டிவிடுவது இல்லறத்தானால் இயலக் கூடியது. டிஸ்க்கின் அளவு என்பது இந்தப் பரிமாணந்தான் என்று எனக்குப் பட்டது. பட்டியலில் 4 டெராபைட்டை அடித்து 1 டெராபைட் என்று எழுதினேன். விலையில் அதற்கேற்ற குறைவு ஏதுமில்லை. சிறிய டிஸ்க் வாங்குகிறவன் ஒவ்வொரு ஜிகாபைட்டுக்கும் அதிக விலையே கொடுக்கிறான். கொடுத்தேன்.

ஐஸக் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2002-இல் தொடங்கி, பலர் கூடி வளர்த்த மித்டிவி என்ற இலவசப் பதிவு மென்பொருளை யந்திரத்தில் நிறுவினேன். புராணம் என்று பொருள்படும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய அதில், இடம் நிரம்பியதும் பழைய பதிவுகளைத் தானாகவே கழித்துவிடும் ஏற்பாடு உண்டு. அதை நிறுத்தி வைப்பவர்கள் பலர், நான் நிறுத்தவில்லை. டிஸ்க்கிலும் காட்சிப் பதிவுக்கென்றே தயாராகும் வகையைத் தேர்ந்தேன். சாதாரண டிஸ்க், எழுத்தில் எங்கேனும் பிழை நேர்ந்தால் அதே இடத்தில் நின்று மறுபடி மறுபடி முயலும். அதற்குள் வந்துகொண்டிருக்கும் காட்சி நிற்காமல் போய்விடும். காட்சிப் பதிவு டிஸ்க்கோ, முயற்சியைச் சீக்கிரமே கைவிட்டு, திரையில் ஒரு கணம் கறை விழுந்தாலும் விழட்டுமென்று, வருவதை ஏற்க முன்னே நகர்ந்துவிடும். போன கணத்தை மீட்கப்போய் இருக்கிற கணத்தையும் இழப்பது எவ்வளவு சாமானியமான மனிதத் துன்பம் என்பதை, இந்த ஏற்பாட்டை வகுத்த பொறியியலாளர் உணர்ந்திருந்தாரோ என்னவோ, நான் உணர்ந்தேன்.

இதனோடு, ஒன்றுக்கொன்று பிரதியாக இரண்டு சிறு டிஸ்க்குகளைத் தனியே வைத்தேன். பிறர்க்கென்று காக்க வேண்டியது ஏதேனும் வந்தால் அது அங்கே போகும்; கழிக்கும் ஏற்பாடு அதற்கில்லை, சரிபார்க்கும் காவல் உண்டு. கட்டி முடித்தபோது அந்த ஜோடி வெறுமையாகவே இருந்தது. வெறுமையாக இருப்பதற்காக அவற்றை வாங்கியது வீண் செலவோ என்று ஒரு சந்தேகமும் எழாமலில்லை.

யந்திரத்தை இரவெல்லாம் விழித்திருக்க விடவும் எனக்கு இஷ்டமில்லை. வேலை இல்லாதபோது அது முற்றிலும் அணைந்துவிடும்; அணையும்முன், அடுத்த பதிவுக்குச் சில நிமிஷங்கள் முன்னதாக எழுப்ப வேண்டிய வேளையைத் தன் கடிகாரத்தில் குறித்து வைத்துவிட்டு அணையும். பிராசஸர் இல்லை, டிஸ்க் சுழலவில்லை, விசிறி நின்றுவிட்டது. மதர்போர்டின் ஓரத்தில், நாணயம் போன்ற ஒரு மூன்று வோல்ட் பாட்டரி துணை நிற்க, சிறு கடிகாரம் ஒன்று மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆழ்ந்த உறக்கத்திலிருந்து எழுந்தவன் சுகமாகத் தூங்கினேன் என்று சொல்கிறானே, ஒன்றும் அறியாதிருந்த அந்த வேளைக்குச் சாட்சியாக இருந்தது எது என்று வேதாந்திகள் கேட்கும் கேள்வி, அந்தப் பெட்டியின் அருகே இரவில் நிற்கும்போது எனக்குத் தோன்றும். உவமையை நெடுந்தூரம் இழுக்க மாட்டேன். கடிகாரம் எண்ணுகிறது, ஆனால் எண்ணுவதை அறிவதில்லை. மாண்டூக்கிய உபநிஷத்து விழிப்பு, கனவு, உறக்கம் என்ற மூன்று அவஸ்தைகளையும் கடந்ததாகச் சொல்லும் நான்காவதற்கு அது பிரதிநிதியாகாது. ஆயினும், எல்லாம் அடங்கிய பின்னும் அடங்காமல் ஒன்று இருந்தால்தான் மறுபடி விழிப்பு சாத்தியம் என்பதைக் கண்ணெதிரே காட்ட அதுவே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

தை பிறந்து சில நாட்களுக்குப் பின் ஒரு மாலை. மாமா வழக்கம்போல் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார். இந்த வட்டாரத்துப் பழைய வார்ப்படச் சாலைகளைப் பற்றி அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று அன்று வந்தது. நான் அதைப் பதிவுக்குக் குறித்திருக்கவில்லை, அவருக்காகச் சானலைத் திருப்பி வைத்ததோடு சரி. உலையிலிருந்து இரும்பு ஓடையாக இறங்கி மண் அச்சுக்குள் பாயும் காட்சி வந்தபோது அவர் நாற்காலியின் முன்விளிம்புக்கு வந்துவிட்டார். அச்சில் ஈரம் இருந்தால் இரும்பு எப்படிச் சீறும் என்று திரையில் ஒருவர் சொல்ல, அவர் வலது கை தானாகவே இடது முழங்கையில் இருந்த பழைய தழும்பைத் தடவிற்று. நிகழ்ச்சி முடியும் தறுவாயில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏம்ப்பா, இதை உன் பெட்டியிலே வெச்சுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"வெச்சுக்கலாம் மாமா. நீங்க திரும்பப் பார்க்கவா?"

"எனக்கெதுக்கு? நான்தான் இப்போ பார்த்துட்டேனே. பேத்திக்கு. அவளுக்கு இப்போ ஆறு வயசு, சொன்னாப் புரியாது. தாத்தா என்ன பண்ணினாருன்னு எப்பவாவது அவளே கேப்பா. அன்னிக்குக் காட்டு."

நேரலையாகப் பார்க்கும்போதும் மித்டிவி காட்சியை முதலில் டிஸ்க்கில் எழுதி, அங்கிருந்தே திரைக்குக் கொண்டுவருகிறது. யாரும் கேட்காவிட்டால் மறுநாளுக்குள் அது கழிந்துபோகும். நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொத்தானை அமுக்கினால் ஆரம்பத்திலிருந்து நின்றுவிடும். அமுக்கினேன். அது முடிந்ததும், ஒன்றரை ஜிகாபைட் அளவுள்ள அந்த ஃபைலை அதுவரை வெறுமையாக இருந்த ஜோடி டிஸ்க்குக்கு மாற்றினேன். அதன் பெயருக்குப் பக்கத்தில் பேத்தியின் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டார் மாமா. எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்த்துவிட்டு, பெட்டியை அணைக்கச் சொல்லி எழுந்தார்.